கதவில் இல்லாத பள்ளம்

அந்தக் கதவை முதல்முதலாகத் தொடுவதற்கே எனக்கு நேரம் பிடித்தது. அண்ணன் வீட்டுப் பின்பக்கத்துத் தகரக் கொட்டகைக்குள், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளின் மேல் அதைப் படுக்கப் போட்டிருந்தான். காரின் இடது பக்க முன்கதவு. கண்ணாடி இல்லை, கைப்பிடி இல்லை, உள்பக்கத்து அட்டையும் இல்லை. வெள்ளைப் பெயின்ட் முழுவதையும் சுரண்டி எடுத்திருந்ததால் வெறும் இரும்புத் தகடாகக் கிடந்தது. நடுவில் ஒரு சட்டியைக் கவிழ்த்து வைக்கலாம், அப்படி ஒரு குழி. "தடவிப் பாருட்டி. எங்கன வரைக்கும் உள்ள போயிருக்குன்னு சொல்லு" என்றான். விபத்தன்றைக்கு அந்தக் கதவை ஒட்டித்தான் மதினி, அண்ணன் பெண்டாட்டி, உட்கார்ந்திருந்தாள். அந்தக் குழி விழுந்த நொடியில்தான் போய்ச் சேர்ந்தாள். அதை நான் எப்படித் தொடுவேன்? ஆனால் தொடாமல் நின்றால் அண்ணன் என் முகத்தைப் பார்ப்பான். பார்த்தால் நான் பயந்துபோய் இருப்பது தெரிந்துவிடும். தெரிந்தால் இனிமேல் என்னைக் கொட்டகைப் பக்கமே வரவிடமாட்டான். கண்ணை மூடிக்கொண்டு தொட்டேன். கொட்டகை வெக்கையில் தகடு சுட்டது.

நான் பிறந்ததிலிருந்தே பயந்தாங்கொள்ளி. ஆற்றில் இடுப்பளவு தண்ணீருக்கு மேல் இறங்கியதில்லை. பஸ்ஸில் டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து அவர் தூங்குகிறாரா என்று பார்த்துக்கொண்டே வருகிறவள். கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் இட்டு விற்கிறேன். இரண்டு பொம்பளைகளை வேலைக்கு வைத்திருக்கிறேன், ஆனாலும் கடைசியில் ஒவ்வொரு அப்பளத்தையும் என் உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி. ஓரம் கனத்திருந்தால், நடு மெலிந்திருந்தால், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கைக்குத் தெரிந்துவிடும். அண்ணன் என்னைக் கூப்பிட்டது அதற்காகத்தான். அவன் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் வாத்தியார், இரும்பு வேலை எல்லாம் அவனுக்கு அத்துப்படி. ஆனால் ரம்பமும் அரமும் பிடித்துப் பிடித்து அவன் கை காய்த்துப்போயிருந்தது. "எனக்குத் தெரியாத மேடு பள்ளம் உனக்குத் தெரியும்லா" என்பான். பக்கத்துத் தெருவில்தான் என் வீடு. கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியுமா?

மதினியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. பிள்ளை குட்டி இல்லை என்கிற வருத்தத்தை ஊர் சுற்றித் தீர்த்துக்கொண்டாள் என்று சொந்தக்காரர்கள் பேசுவார்கள். அதெல்லாம் இல்லை, அவளுக்கு ஊர் சுற்றப் பிடிக்கும், அவ்வளவுதான். அந்தப் பழைய வெள்ளைக் காரை அண்ணன் தலையில் கட்டியதும் அவள்தான். குலசேகரன்பட்டினம் தசராவுக்கு, குற்றாலத்துக்கு, ஒன்றுமில்லாவிட்டால் திசையன்விளை சந்தைக்காவது கிளம்பிவிடுவாள். மடியில் வறுத்த நிலக்கடலைப் பொட்டலம் இருக்கும். அண்ணன் பைய ஓட்டுகிறவன். "மாட்டு வண்டிக்காரன் நம்மள முந்திட்டுப் போறான் பாருங்க" என்று கேலி செய்துகொண்டே கடலை உரிப்பாள். அன்றைக்கும் அவன் பையத்தான் ஓட்டியிருக்கிறான். பாபநாசத்தில் குளித்துவிட்டுத் திரும்பும்போது மழை தூறியிருக்கிறது. ரோட்டில் ஒரு எருமை ஏறிவிட்டது. அண்ணன் வண்டியை ஒடித்தான். அது வழுக்கிக்கொண்டு போய் இடது பக்கமாகப் புளியமரத்தில் மோதியது. அண்ணனுக்கு நெற்றியில் ஒரு கீறல். நான் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது அவன் பெஞ்சில் உட்கார்ந்து, "எருமைக்கு ஒண்ணும் ஆகலட்டி" என்றான். அதற்குப் பிறகு விபத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. துட்டி, அதாவது சாவு, விழுந்த வீட்டில் பதினாறாம் நாள் வரைக்கும் சொந்தக்காரர்கள் விட்டுப் போகமாட்டார்கள். யாராவது ஒருவர் கூடவே இருப்பார்கள், கூடவே சாப்பிடுவார்கள், பக்கத்திலேயே பாய் போட்டுப் படுப்பார்கள். பதினாறு கும்பிட்ட மறுநாள் காலையில் பார்த்தால் ஒருத்தர் இருக்கமாட்டார்கள், வீடே துடைத்து வைத்தாற்போல் ஆகிவிடும். அண்ணன் அந்த நாளுக்காகவே காத்திருந்தவன் மாதிரி, போலீஸ் ஸ்டேஷன் வாசலில் கிடந்த காரைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்துவிட்டான். என் வீட்டுக்காரர் ஓடிப்போய், "மச்சான், இதை எதுக்குக் கொண்டு வாரீய? பழைய இரும்புக்குத் தூக்கிப் போட்டுருவோமே" என்று கேட்டிருக்கிறார். அதற்கு அண்ணன் நிதானமாகச் சொன்னானாம்: "இல்ல மாப்ளே. இந்த வண்டியச் சரி பண்ணிட்டா என் சோலி முடிஞ்சுது." வீட்டுக்காரர் வந்து இதைச் சாதாரணமாகச் சொன்னார். நான் அப்பள மாவைப் பிசைந்துகொண்டிருந்தேன். மாவில் இருந்த கையை எடுக்கவே தோன்றவில்லை. சோலி முடிஞ்சுது என்றால் என்ன அர்த்தம்? எந்தச் சோலி, வண்டி வேலையா, வேறு எதுவுமா?

எதிர்வீட்டு அக்கா வந்து சத்தம் போட்டாள். சாவு விழுந்த வண்டியைத் தெருவுக்குள் கொண்டுவரலாமா, நாலு பிள்ளைகள் விளையாடுகிற இடம் என்றாள். அண்ணன் கொட்டகைக்குள் போய்விட்டான். நானே போய் நாலு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, அவளைச் சமாதானப்படுத்தினேன். அம்பாசமுத்திரத்தில் டிங்கர் வேலை பார்க்கிற அண்ணாச்சி ஒருவரை அண்ணன் வரவழைத்தான். நசுங்கிய வண்டிகளைத் தட்டி நிமிர்த்துவதுதான் அவர் தொழில். அவர் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கதவு மாட்டுற தூணை நான் பட்டறையில வச்சு இழுத்துத் தாரேன் சார். ஆனா கதவு தேறாது. வேற கதவு கெடைக்கும், மாட்டிருவோம்" என்றார். "கதவு இதேதான்" என்றான் அண்ணன். "சார், இது கசங்குன கடுதாசி மாதிரி இருக்கு." "கதவு இதேதான் அண்ணாச்சி. நானே தட்டிக்கிடுதேன்." டிங்கர் அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

தூணை நிமிர்த்தி வண்டி திரும்பி வந்தது. அண்ணன் நீண்ட லீவு போட்டுவிட்டுக் கொட்டகையிலேயே கிடந்தான். கதவின் உள்பக்கமிருந்து மரச் சுத்தியால் தட்டுவான். வெளிப்பக்கத்தில் ஒரு இரும்புக் கட்டையை அண்டக் கொடுத்துக்கொள்வான். ஓங்கி அடிப்பதில்லை. பிள்ளையின் தலையில் செல்லமாகக் குட்டுகிற மாதிரி, நோகாமல், விடாமல். அந்தச் சத்தம் என் வீட்டு மாடியில் அப்பளம் காயவைக்கும்போது எனக்குக் கேட்கும். சத்தம் வந்துகொண்டிருக்கிற வரைக்கும் எனக்கு உயிர் இருக்கும். கொஞ்சம் நின்றுபோனால் போதும், அப்பளத்தைப் போட்டது போட்டபடி மாடிப்படியில் இறங்கி ஓடுவேன். போய்ப் பார்த்தால் டீ குடித்துக்கொண்டிருப்பான், இல்லையென்றால் சீட்டுக்கடியில் கையை விட்டு எதையோ தேடிக்கொண்டிருப்பான். ஒருநாள் அப்படித் தேடி ஒரு கைப்பிடி கடலைத் தோடு எடுத்தான். மதினி உரித்துப் போட்டது. அதைக் கீழே கொட்டாமல் ஒரு டப்பாவில் போட்டு மூடினான். நான் பார்த்ததை அவன் பார்க்கவில்லை.

என்னை உண்மையாகவே கலங்கடித்தது அவன் அழுகை இல்லை, அவன் அழவே இல்லை. அவன் பேசிய சின்னச் சின்னப் பேச்சுதான். மூக்குக் கண்ணாடியில் கீறல் விழுந்து எழுத்துத் தெரியவில்லை என்பான். மாற்றலாமே என்றால், "வண்டி முடியுற வரைக்கும் இது போதும்" என்பான். செருப்பு பிய்ந்து கம்பியால் கட்டியிருந்தான். புதுசு வாங்கிக் கொடுத்தேன். "எதுக்கு? வண்டி முடியுற வரைக்கும் இது ஓடும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். வீட்டுக்காரர் கொல்லையில் வைக்க ஒரு தென்னங்கன்று கொண்டுபோனார். "தென்னை காய்க்க எத்தனை வருசம் ஆவும்? நீங்க உங்க வீட்டுல வைங்க மாப்ளே" என்றான். மதினியின் பட்டுச் சேலைகளை என் வேலைக்காரப் பெண்களுக்குக் கொடுத்தான். குக்கரை எனக்குக் கொடுத்தான். வீட்டுச் சாவி ஒன்றை, "உன்கிட்டயும் ஒண்ணு இருக்கட்டும்" என்று கொடுத்தான். அவன் எல்லாவற்றையும் அந்த வண்டி முடிகிற நாள் வரைக்கும் அளந்து வைத்திருந்தான். அதற்குப் பிறகு அவனுக்கு ஒன்றுமே தேவைப்படவில்லை. அண்ணன் சாகப்போகிறான், வண்டியை முடித்துவிட்டுச் சாகப்போகிறான் என்று எனக்குத் தீர்மானமாகத் தெரிந்துவிட்டது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "சும்மா கெடட்டி, நீ நிழலைப் பாத்தாலும் பயப்படுவ" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "வேணும்னா நேரா கேட்டுருவோமா?" என்றார். கேட்கக்கூடாது என்று அவர் வாயைப் பொத்தினேன். கேட்டால் இல்லாத நினைப்பை நாமே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தேன். அப்படித்தான் எல்லாரும் நினைக்கிறோம். கேட்காமல், சொல்லாமல், காலையில் இட்லி, மத்தியானம் சோறு, சாயங்காலம் கருப்பட்டிக் காப்பி என்று ஏதாவது ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஆற்றில் தண்ணீர் கூடினால் பயம். அவன் சட்டை மாற்றி வெளியே கிளம்பினால் பயம். சிரித்துப் பேசினால் அதைவிடப் பயம்.

தகடு ஒருவழியாக நிமிர்ந்தது. அடுத்தது பட்டி பார்க்கிற வேலை. பட்டி என்பது பசை மாதிரி இருக்கும். அதோடு குட்டி டியூபில் வருகிற ஹார்ட்னரைக் கலந்துவிட்டால் சீக்கிரம் கல்லாகிவிடும், அதற்குள் தகட்டில் இழுத்துப் பூசிவிட வேண்டும். காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்தால் மேடு போய்ப் பள்ளம் நிரவி நிற்கும். அண்ணன் முகத்தில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு தேய்ப்பான். தலை, புருவம் எல்லாம் பட்டி மாவு படிந்து, பார்க்க வேறு யாரோ போல இருப்பான். தேய்த்து முடித்ததும் என்னைக் கூப்பிடுவான். நான் கதவின் மேல் ஒரு வேட்டித் துணியைப் போட்டு, துணிக்கு மேல் உள்ளங்கையை ஓட்டுவேன். துணி இருந்தால் கை வழுக்கிக்கொண்டு போகும், பள்ளம் தப்பாது. ஒவ்வொரு தடவையும் ஏதாவது இருக்கும். "இங்கன கொஞ்சம் இறங்கிருக்கு அண்ணே." அவன் பென்சிலால் வட்டம் போட்டு மறுபடியும் பூசுவான். இப்படியே வாரங்கள் போயின. கதவு பையப் பையச் சமமாகிக்கொண்டு வந்தது.

ஒருநாள் கையை ஓட்டினேன். எங்கும் தடுக்கவில்லை. மேலிருந்து கீழே, குறுக்கே, மூலைக்கு மூலை ஓட்டிப் பார்த்தேன். நான் இட்ட அப்பளத்தில்கூட அப்படி ஒரு சமம் வந்ததில்லை. அண்ணன் தாளை மடித்து வைத்துவிட்டு, "என்னட்டி, சரியா வந்துட்டா?" என்றான். அவன் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. இனி என்ன மிச்சம்? ப்ரைமர் அடிப்பான், பெயின்ட் அடிப்பான், கதவை மாட்டுவான். அப்புறம்? என் வாய் தானாகச் சொன்னது: "இல்லண்ணே. கைப்பிடிக்குக் கீழ ஒரு பள்ளம் இருக்கு." அண்ணன் தன் கையால் தடவினான். "எனக்குத் தெரியலயே." "உன் கை காய்ச்சுப்போயிருக்கு. எனக்குத் தெரியுது." அவன் பென்சிலை எடுத்து, நான் காட்டிய இடத்தில் வட்டம் போட்டான். அன்றைக்குத்தான் எனக்குப் பல நாட்களுக்குப் பிறகு தூக்கம் வந்தது.

மறுநாள் அவன் வேறொரு காரியம் செய்தான். கறுப்புப் பெயின்டைப் பூந்தூறலாகக் கதவு முழுக்க அடித்தான். "இதைத் தேச்சா மேட்டுல உள்ள கறுப்பு போயிரும். பள்ளத்துல உள்ளது போவாது. எங்கன கறுப்பு நிக்குதோ அங்கன பள்ளம்" என்றான். இப்படி ஒன்று இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அவன் கட்டையில் தாளைச் சுற்றி, தண்ணீர் தெளித்து, நீள நீளமாகத் தேய்த்தான். கறுப்பு கரைந்து வழிந்தது. கதவு முழுக்கப் பளிச்சென்று வெளுத்தது. கைப்பிடிக்குக் கீழேயும் வெளுத்தது. ஒரு பொட்டுக் கறுப்பு நிற்கவில்லை. அண்ணன் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் காப்பித் தம்ளரைப் பிடித்தபடி, இதோ கேட்கப்போகிறான், இதோ திட்டப்போகிறான் என்று நின்றேன். அவன் பட்டி டப்பாவைத் திறந்தான். ஹார்ட்னரைப் பிதுக்கிக் கலந்தான். நான் சொன்ன அதே இடத்தில், இல்லாத பள்ளத்தில், இழுத்துப் பூசினான். கறுப்பை விட என் கையை நம்புகிறான் போல என்று நினைத்துக்கொண்டேன். பாவமாக இருந்தது. அதைவிட நிம்மதியாக இருந்தது.

அப்புறம் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. இன்றைக்குக் கதவின் கீழ் ஓரம், நாளைக்குக் கண்ணாடிக்குக் கீழே, அதற்கு மறுநாள் திரும்பவும் கைப்பிடிப் பக்கம் என்று பள்ளம் பள்ளமாகக் கண்டுபிடித்தேன். அவன் பூசினான், தேய்த்தான், கூப்பிட்டான். மழைக்காலம் வந்தது, பட்டி காயாது என்று சில நாள் வேலை நின்றது. அந்த நாட்கள்தான் கொடுமை. சத்தமே இல்லாத கொட்டகைக்கு மழையில் குடை பிடித்துக்கொண்டு போவேன். ஒருநாள் போனபோது கொட்டகை திறந்து கிடந்தது, வீடு திறந்து கிடந்தது, அவன் இல்லை. பாலத்துப் பக்கம் போனதாக எதிர்வீட்டு அக்கா சொன்னாள். ஆற்றில் செந்தண்ணீர் இரண்டு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. நான் செருப்புகூடப் போடாமல் ஓடினேன். அவன் எதிரே வந்துகொண்டிருந்தான், கையில் ஒரு கட்டு உப்புத்தாள். "அம்பாசமுத்திரத்துல போய் வாங்கிட்டு வாரேன். நீ ஏன் இப்பிடி நனையுத?" என்றான். நடுரோட்டில் நின்று அவனைக் கண்டபடி திட்டினேன். எதற்குத் திட்டுகிறேன் என்று அவன் கேட்கவே இல்லை. என் கையிலிருந்த குடையை விரித்து என் தலைக்கு மேலே பிடித்தான்.

மழை விட்டு வெயில் ஏறியதும் டிங்கர் அண்ணாச்சி தன் கம்ப்ரஸரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அண்ணன் சொல்லி அனுப்பியிருக்கிறான், ப்ரைமர் அடிக்க. என்னிடம் சொல்லவில்லை. நான் மத்தியானச் சோற்றோடு போனபோது கதவு வண்டியில் மாட்டியாகிவிட்டது. சோற்றுப் பாத்திரத்தை வாசலிலேயே வைத்துவிட்டேன். அண்ணாச்சி கதவை விரல் முட்டியால் தட்டினார். தகடு என்றால் 'டங்' என்று கேட்க வேண்டும். 'பொத்' என்று கேட்டது. இன்னொரு இடத்தில் தட்டினார். அங்கேயும் பொத். "என்ன சார், கதவா செவரா? கொத்தனாரைக் கூப்பிட்டுப் பூசுனீயளா?" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே கதவைத் திறந்து, சரியாகப் பூட்டுகிறதா என்று பார்க்க ஓங்கிச் சாத்தினார். ஒரு கீறல் குறுக்கே ஓடியது. பிறகு, கைப்பிடிக்குக் கீழே இருந்த பட்டி மொத்தமும் பாளமாகப் பெயர்ந்து தரையில் விழுந்து உடைந்தது. பெருவிரல் கனம் இருந்தது.

அண்ணாச்சி குனிந்து ஒரு துண்டை எடுத்துப் பார்த்தார். "ஐ.டி.ஐ. வாத்தியார் நீங்க. கனமாப் பூசுனா நிக்காதுன்னு உங்களுக்குத் தெரியாதா? இங்கன பள்ளமே இல்லையே, எதுக்கு இம்புட்டு வச்சீய?" என்று கேட்டார். அண்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டான். "தங்கச்சி பள்ளம் இருக்குன்னு சொன்னா" என்றான். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். அந்த நேரத்தில் எனக்குள் அதுவரைக்கும் அடக்கி வைத்திருந்தது எல்லாம் உடைந்துகொண்டு வந்தது. அண்ணாச்சி இருக்கிறார், எதிர்வீட்டில் கேட்கும் என்ற நினைப்பே இல்லை. "ஆமா, சொன்னேன். பள்ளம் ஒண்ணும் இல்ல. இந்தச் சவத்து வண்டி முடிஞ்சிரக் கூடாதுன்னுதான் சொன்னேன். முடிஞ்சா நீ செத்துப்போயிருவ. எனக்குத் தெரியும். செருப்பு வேண்டாம், கண்ணாடி வேண்டாம், தென்னம்பிள்ளை வேண்டாம், குக்கர் வேண்டாம். என்னைய என்ன கூறுகெட்டவள்னா நினைச்ச? தெனமும் செத்துச் செத்து இங்கன வந்துட்டுப் போறேன்டா" என்று கத்தினேன். அவனை நான் 'டா' போட்டது அதுதான் முதல் தடவை.

அண்ணன் உடைந்த பட்டித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். நிமிராமலே சொன்னான்: "நெனச்சேன். இல்லங்கல. வண்டிய அவ ஏறும்போது இருந்த மாதிரி ஆக்கிட்டுப் போயிரணும்னு நெனச்சேன்." அண்ணாச்சி கையிலிருந்த துண்டைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். "பள்ளம் இல்லன்னு எனக்குத் தெரியும்டி. கறுப்பு பொய் சொல்லாதுல்லா. தெரிஞ்சுதான் பூசினேன்." எனக்குப் புரியவில்லை. "பொறவு ஏன் பூசின?" என்று கேட்டேன். அண்ணன் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தான். முகமெல்லாம் மாவு, கண்ணுக்குக் கீழே மட்டும் இரண்டு கோடு. "பூசுனா, மறுநாளும் நீ தடவிப் பாக்க வருவேல்லா" என்றான்.

அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் அழுத அழுகையைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. மதினி செத்து அத்தனை மாதம் கழித்து அவன் அன்றைக்குத்தான் அழுதான். அண்ணாச்சி வெளியே போய் எங்கள் மூன்று பேருக்கும் டீ வாங்கி வந்தார். குடித்து முடித்ததும், "மறுபடியும் தகட்டுல இருந்து ஆரம்பிக்கணும் சார். இந்தத் தடவை நானும் வாரேன், வாரத்துல ரெண்டு நாள்" என்றார். வீட்டுக்காரர் அண்ணனைத் திருநெல்வேலியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார். முதலில் முறைத்தான், அப்புறம் தானே பஸ் ஏறிப் போய் வந்தான். மாத்திரை சாப்பிடுகிறான். லீவு முடிந்து வேலைக்குப் போகிறான். வண்டி வேலை சாவகாசமாக நடந்தது. நான் இருக்கிற பள்ளத்தை மட்டும் சொன்னேன். ஆனால் பயம் எங்கும் போகவில்லை. இன்றைக்கும் அவன் போனை எடுக்கத் தாமதமானால் மாவுக் கையோடு வாசலுக்கு வந்துவிடுகிறேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

போன மாதம் வண்டி முடிந்தது. அதே வெள்ளை. அம்பாசமுத்திரத்துக் கடைக்கு அப்பளக் கட்டுகள் கொண்டுபோக வேண்டியிருந்தது. "வா, நானே கொண்டு விடுதேன்" என்றான். பின்சீட் முழுக்கக் கட்டுகளை அடுக்கிவிட்டான், முன்சீட் ஒன்றுதான் பாக்கி. அந்தச் சீட். அந்தக் கதவு. நான் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, முருகா என்று ஏறி உட்கார்ந்தேன். கடையில் கட்டுகளை இறக்கியதும் ஊருக்குத் திருப்புவான் என்று பார்த்தால், வண்டி நேராகப் பாபநாசம் ரோட்டில் போனது. எங்கே போகிறாய் என்று கேட்க வாய் வரவில்லை. கதவின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவன் முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. ஏமாந்துவிட்டேனே, மாத்திரையையும் டாக்டரையும் நம்பி ஏறி உட்கார்ந்துவிட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். தூரத்தில் அந்தப் புளியமரம் தெரிந்தது. அது பக்கத்தில் வர வர நான் கண்ணை மூடிக்கொண்டேன். வண்டி வேகம் குறைந்து, ஓரமாக ஒதுங்கி, நின்றது. கண்ணைத் திறந்தபோது அண்ணன் இறங்கிப் போயிருந்தான். மரத்தில் பட்டை உரிந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்து ஏறி, வண்டியைத் திருப்பினான்.

பாலம் தாண்டி, ஊருக்குள் வந்து, என் வீட்டு வாசலில் நிறுத்தினான். நான் இறங்கி அந்தக் கதவைச் சாத்தினேன். அண்ணன் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "நாளைக்கு வருவியாட்டி?" என்று கேட்டான். அந்த வண்டியில் இனி நான் தடவிப் பார்க்க ஒன்றும் இல்லை. அது அவனுக்கும் தெரியும்.

"வாரேன்" என்றேன்.